பட்டனுக்குப் பின்னால் என்ன இருக்கு?

ஒரு சின்னக் கேள்வி. இன்னைக்குக் காலையில இருந்து எத்தனை பட்டனை அழுத்தியிருப்பீங்க? அலாரத்தை நிறுத்த ஒண்ணு, மெசேஜ் அனுப்ப ஒண்ணு, அட்டெண்டன்ஸ் பார்க்க ஒண்ணு. அந்தப் பட்டன் எப்படி வேலை செய்யுதுன்னு யாராவது கேட்டா என்ன சொல்வீங்க? கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணு வருஷம் முடிச்ச பிறகும் என்னிடம் பதில் இல்லை.

எங்க அப்பா மளிகைக் கடை வெச்சிருக்கார். கடன் நோட்டைக் கம்ப்யூட்டரில் ஏத்தித் தரேன்னு போன லீவில் வாக்குக் கொடுத்தேன். பைத்தான், கூடவே வரும் டிகேஇன்டர், அவ்வளவுதான்னு நினைச்சேன். ஒரு வாரத்தில் ஒரு ஜன்னலும் நாலு பட்டனும் வந்துச்சு. ஆனா எதுவுமே ஏன் வேலை செய்யுதுன்னு புரியலை. அந்த எரிச்சலில்தான் சொந்தமா ஒரு டூல்கிட் எழுத ஆரம்பிச்சேன். சனி, ஞாயிறு மட்டும். இந்தக் கட்டுரை, அதில் கத்துக்கிட்டதை உங்களுக்குச் சொல்லித் தரும் ஒரு பாடம். சி-யில் பாயிண்டர் வரை படிச்சிருந்தா போதும்.

முதலில், டூல்கிட்னா என்ன?

ஜன்னல், பட்டன், எழுத்துப்பெட்டி, பட்டியல் மாதிரியான பொருட்களை நமக்குத் தயாரா கொடுக்கிற நிரல் தொகுப்புதான் வரைகலை டூல்கிட். இந்தப் பொருட்களுக்குப் பொதுப் பெயர் விட்ஜெட். க்யூடி, ஜிடிகே, டிகே எல்லாம் இந்த வகை.

இதெல்லாம் பெரிய கம்பெனிகள்தான் செய்யும்னு நினைக்காதீங்க. 1995-இல் பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் படம் திருத்தும் மென்பொருள் ஒன்றைத் தொடங்கினாங்க. அதுதான் கிம்ப். ஆரம்பத்தில் மோட்டிஃப் என்ற டூல்கிட்டைப் பயன்படுத்தினாங்க. அது பிடிக்காம மேட்டிஸ் தானே ஒன்று எழுதினார். அந்த 'கிம்ப் டூல்கிட்'தான் ஜிடிகே. 1997-இல் தொடங்கிய க்னோம் திட்டம் அதை எடுத்துக்கிட்டது. நம்ம லேப்பில் உபுண்டு திறந்தா தெரியும் ஜன்னல்களில் பாதி அந்த வழியில் வந்தவைதான்.

படி 1: காலி ஜன்னல், வெறும் புள்ளிகள்

ஜன்னலைத் திறக்கும் வேலையை ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம்தான் கேட்கணும். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் கேட்கும் முறை வேறு வேறு. அதனால் நான் எஸ்டிஎல் என்ற நூலகத்தை எடுத்துக்கிட்டேன். விளையாட்டு எழுதுறவங்களுக்காக 1998-இல் வந்தது. ஒரு ஜன்னல், அதில் வண்ணம் தீட்ட இடம், சுட்டி-விசைப்பலகைச் செய்திகள் இவை மூன்றையும் தரும். பட்டன் தராது. நமக்கு அதுதானே வேணும்!

800-க்கு 600 ஜன்னல்னா 4,80,000 புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால் 19,20,000 பைட். திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுது. ஒரு முறைக்கு நமக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிவினாடி. ஒவ்வொரு முறையும் மொத்தத்தையும் திரும்ப வரைஞ்சா, வினாடிக்கு 11 கோடி பைட்டுக்கு மேல் எழுதணும். எழுத்துப்பெட்டியில் கர்சர் சிமிட்டுறதுக்காக இவ்வளவா? அதனால்தான் பழைய டூல்கிட்கள் மாறிய செவ்வகத்தை மட்டும் குறிச்சு வெச்சு, அதை மட்டும் திரும்ப வரையும்.

படி 2: நிகழ்வுச் சுழல்

நம்ம முதல் வருஷ நிரல்கள் மேலிருந்து கீழே ஓடி முடிஞ்சுடும். ஜன்னல் நிரல் அப்படி முடியக் கூடாது. அது காத்திருக்கணும். அதன் இதயம் இவ்வளவுதான்:

மூடும்வரை திரும்பத் திரும்பச் செய்:
அடுத்த நிகழ்வை எடு
அது எந்த விட்ஜெட்டுக்கு உரியதுன்னு கண்டுபிடி
அந்த விட்ஜெட்டிடம் கொடு
மாறியதைத் திரும்ப வரை

ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரே ஒரு அண்ணன் பரிமாறுறார்னு வெச்சுக்கோங்க. வரிசையில் வர்ற ஒவ்வொருத்தருக்கும் வெச்சுட்டே போவார். யாராவது ஒருத்தர் "அண்ணே, ஆம்லெட்" என்று கேட்டு, அண்ணனே அடுப்படிக்குப் போயிட்டா? மொத்த வரிசையும் நிக்கும். நிரல் 'பதிலளிக்கவில்லை' என்று உறைஞ்சு போறதும் இதேதான். அப்பா கடைக்கான நிரலில் பட்டனை அழுத்தினதும் அதே இடத்தில் மொத்தக் கணக்கையும் கோப்பில் எழுத வெச்சேன். நாலு வினாடி ஜன்னல் செத்துப் போச்சு. நீண்ட வேலையை வேறு த்ரெட்டுக்கு அனுப்பிட்டு, முடிந்ததும் 'முடிஞ்சது' என்ற ஒரு நிகழ்வை வரிசையில் சேர்ப்பதுதான் சரியான வழி. பெரும்பாலான டூல்கிட்களில் விட்ஜெட்டுகளை முதன்மை த்ரெட்டில் இருந்து மட்டுமே தொடணும், அதை மறந்துடாதீங்க.

படி 3: எந்தப் பட்டன் மேல் விழுந்தது?

நம்ம டிபார்ட்மெண்ட் நோட்டீஸ் போர்டை நினைச்சுக்கோங்க. பழைய நோட்டீஸ் மேல் புதுசை ஒட்டுவாங்க. கடைசியா ஒட்டினதுதான் கண்ணுக்குத் தெரியும். வரைவதும் அப்படித்தான்: பின்னால் இருப்பது முதலில், முன்னால் இருப்பது கடைசியில். ஆனா சுட்டி எதைத் தொட்டதுன்னு தேடும்போது இதே வரிசையைத் தலைகீழா எடுக்கணும். முன்னால் இருப்பதில் இருந்து தேடி, முதலில் பொருந்துவதோட நிறுத்தணும். நான் இரண்டுக்கும் ஒரே வரிசையைப் போட்டுட்டு, எச்சரிக்கைப் பெட்டியில் 'சரி' அழுத்தினா பின்னாலிருந்த 'அழி' பட்டன் வேலை செய்வதைப் பார்த்துத் திகைச்சு நின்னேன்.

இன்னொரு நுணுக்கம். பட்டன் எப்போ அழுத்தப்பட்டதா கணக்கு? சுட்டியை அழுத்தும்போதா, விடும்போதா? இப்பவே ஏதாவது ஒரு பட்டனில் சோதிச்சுப் பாருங்க. அழுத்தியபடியே சுட்டியை வெளியே இழுத்துட்டு விட்டா ஒண்ணும் நடக்காது. தப்பா அழுத்தினவருக்குத் திரும்ப ஒரு வாய்ப்பு! அதனால் பட்டனுக்குள் அழுத்தி, பட்டனுக்குள்ளேயே விட்டால்தான் அது ஒரு சொடுக்கு. இதற்காகப் பட்டன் 'என் மேல்தான் அழுத்தல் தொடங்கியது' என்பதை நினைவில் வெச்சிருக்கணும்.

படி 4: இடம் பிரித்தல்

எந்த விட்ஜெட்டுக்கு எவ்வளவு இடம்? இதுக்கு இரண்டு சுற்று. முதல் சுற்றில் கீழிருந்து மேலே கேட்டுக்கிட்டே போகணும்: "உனக்குக் குறைஞ்சது எவ்வளவு வேணும்?" இரண்டாவது சுற்றில் மேலிருந்து கீழே பிரிச்சுக் கொடுக்கணும்.

ஒரு கணக்கு பார்க்கலாம். 400 புள்ளி அகல ஜன்னல். இரண்டு ஓரத்திலும் 10 விடணும். உள்ளே ஒரு பெயர்ப்பலகை 80 கேட்குது, ஒரு பட்டன் 70 கேட்குது, நடுவில் ஒரு எழுத்துப்பெட்டி 'மிச்சம் இருப்பதைக் கொடு' என்குது. மூன்றுக்கும் இடையில் இரண்டு இடைவெளி, தலா 10. எழுத்துப்பெட்டிக்குக் கிடைப்பது 400 - 20 - 20 - 80 - 70 = 210. பயனர் ஜன்னலை 500 ஆக இழுத்தா? பலகையும் பட்டனும் அப்படியே இருக்கும், பெட்டி மட்டும் 310 ஆகும். டிகே-வின் 'பேக்', க்யூடி-யின் பெட்டி அமைப்பு எல்லாம் அடிப்படையில் இந்தக் கணக்கின் விரிவுதான்.

இப்போ மொழிகள் பக்கம் வருவோம்

இதுவரை சொன்னது எந்த மொழிக்கும் பொதுவானது. 'அழுத்தினா இதைச் செய்' என்ற ஒரே ஒரு வரியை ஒவ்வொரு மொழியில் எழுதும்போதுதான் அந்தந்த மொழியின் குணம் தெரிஞ்சது. புதுமொழி படிக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைக்கலை.

சி-யில் ஒரு ஃபங்ஷன் பாயிண்டரையும், கூடவே வகை இல்லாத ஒரு தரவுப் பாயிண்டரையும் பட்டனிடம் கொடுக்கணும். எளிமைதான். ஆனா 'மூடு' பட்டனை யோசிங்க. அதை அழுத்தினா ஜன்னல் அழியணும்; ஜன்னலுக்குள் இருக்கும் பட்டனும் அழியும். வேலை முடிந்து கட்டுப்பாடு திரும்ப வரும் இடம் அந்தப் பட்டனின் நிரல். பட்டனோ நினைவகத்திலேயே இல்லை. கிராஷ்! உட்கார்ந்த கிளையையே வெட்டின கதை. க்யூடி-யில் 'பிறகு அழி' என்று ஒரு செயல்பாடே இருக்கு. 'இப்போ வேண்டாம், கையிலுள்ள நிகழ்வு முடிந்து சுழலுக்குத் திரும்பின பிறகு அழி' என்று அர்த்தம். அது எதுக்குன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது.

பைத்தானில் வேற வலி. கால்குலேட்டருக்கு 0 முதல் 9 வரை பத்துப் பட்டன்களை ஒரு சுழலில் உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு லாம்டா கொடுத்தேன். எதை அழுத்தினாலும் 9 வந்துச்சு! காரணம், லாம்டா எண்ணின் மதிப்பைப் பிடிச்சு வைக்கலை, மாறியைத்தான் பிடிச்சு வெச்சிருக்கு. அழுத்தும் நேரத்தில் அந்த மாறியில் இருப்பது கடைசி மதிப்பான 9. எண்ணை லாம்டாவின் இயல்பு மதிப்பாக் கொடுத்தா சரியாகும். இது பைத்தானின் தவறு மட்டும் இல்லை. ஜாவாஸ்கிரிப்ட்டில் 'வார்' போட்டா இதே கதை. 2015-இல் வந்த 'லெட்' ஒவ்வொரு சுற்றுக்கும் தனி மாறி தருது. கோ மொழியும் 2024-இல் வந்த 1.22 பதிப்பில்தான் இதை மாத்தியது.

ரஸ்ட் மொழியில் கம்பைல் ஆகவே விடலை. ஜன்னல் பட்டனை வெச்சிருக்கு, பட்டன் ஜன்னலைச் சுட்டுது. "அப்போ யார் யாருக்குச் சொந்தம்?" என்று கம்பைலர் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இரண்டு வாரம் சண்டை. கடைசியில் எல்லா விட்ஜெட்டையும் ஒரே பட்டியலில் போட்டு, ஒன்றையொன்று எண்ணால் குறிப்பிட வெச்சேன். யோசிச்சுப் பார்த்தா, சி-யில் கிராஷ் ஆன அதே கேள்வியைத்தான் ரஸ்ட் முன்கூட்டியே கேட்டிருக்கு. ஆனாலும் முழு நிம்மதி இல்லை. அழிந்த பட்டனின் எண் புதுப் பட்டனுக்குப் போயிட்டா, பழைய எண்ணை வெச்சிருப்பவர் ஏமாறுவார். எண்ணோடு ஒரு தலைமுறை எண்ணையும் சேர்த்தா அதையும் பிடிக்கலாம்.

எல்ம் மொழி கேள்வியையே மாத்துது. 2012-இல் இவான் சாப்லிக்கி உருவாக்கியது. அங்கே பட்டனை யாரும் 'மாத்த' முடியாது. நிலை ஒன்று இருக்கும். நிலையைக் கொடுத்தா திரையைத் திருப்பித் தரும் ஃபங்ஷன் ஒன்று. பழைய நிலையையும் வந்த செய்தியையும் கொடுத்தா புது நிலையைத் தரும் ஃபங்ஷன் ஒன்று. ரியாக்ட் எழுதுறவங்களுக்குத் தெரிந்த ரீடக்ஸ், இந்த யோசனையில் இருந்து எடுத்துக்கிட்டதுதான்.

அப்பா கேட்ட கேள்வி

இனி, நான் கடைசியாத் தொட்ட பகுதி. உண்மையில் முதலில் தொட்டிருக்க வேண்டியது.

பட்டன், பெட்டி எல்லாம் ஆங்கிலத்தில் அழகா வந்துடுச்சு. அப்பாவுக்குக் காட்டுறதுக்காக நிரலின் தலைப்புகளைத் தமிழில் மாத்தினேன். வரவு, செலவு, பாக்கி. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத் திரையைப் பார்த்தார். "இது என்னடா, சலெவு?" என்றார்.

நான் ஆங்கில மீடியம். தமிழை மெதுவாத்தான் படிப்பேன். எனக்கு அது சரியாத் தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. இரண்டாவது தடவை உத்துப் பார்த்த பிறகுதான் கொம்பு ச-வுக்கு அப்புறம் விழுந்து ல-வோட போய் ஒட்டியிருப்பது கண்ணில் பட்டது.

என்ன நடந்தது? யூனிகோடில் 'செ' என்பது முதலில் ச, அப்புறம் எகரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுது; நாம உச்சரிக்கிற வரிசை. ஆனா எழுதும்போது கொம்பு இடப்பக்கம் வரணும். நான் ஃப்ரீடைப் நூலகத்தை வெச்சு ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு வடிவத்தை எடுத்து, இடமிருந்து வலம் வரிசையா அடுக்கினேன். ஆங்கிலத்துக்கு அது போதும், தமிழுக்குப் போதாது. குறியீடுகளை எடுத்து, எந்த வடிவம் எந்த இடத்தில் வரணும்னு எழுத்துருவின் விதிகளைப் படிச்சுச் சொல்ல நடுவில் ஒரு ஆள் வேணும். அந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற நூலகம். ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்பாக்ஸ், ஜிடிகே, க்யூடி எல்லாம் பயன்படுத்துவது. அதை இணைச்சதும் 'செலவு' செலவாகவே வந்தது.

அடுத்து பேக்ஸ்பேஸ். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் எவ்வளவு? சி-யின் நீளம் அளக்கும் ஃபங்ஷன் 15 என்கும். பைத்தான் 5 என்கும். ஸ்விஃப்ட் 3 என்கும். மூணுமே சரி! யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று குறியீடு 5. ஆகவே 15 பைட். ஆனா அப்பா கண்ணுக்குத் தெரிவது த, மி, ழ் என்ற 3 எழுத்துதான். எவ்வளவு நினைவகம், எத்தனை குறியீடு, படிப்பவருக்கு எத்தனை எழுத்து என்று மூணு மொழியும் மூணு வேறு கேள்விக்குப் பதில் சொல்லுது.

என் பெட்டியில் பேக்ஸ்பேஸ் ஒரு பைட்டை மட்டும் அழிச்சு, எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமா வந்துச்சு. குறியீட்டு அளவில் அழிக்கச் சொல்லித் திருத்தினேன். அம்பு விசையோ முழு எழுத்தைத் தாண்டணும். 'கொ'வில் கொம்புக்கும் காலுக்கும் நடுவில் கர்சர் போய் நிற்க முடியாது. இதிலும் ஒரு கண்ணி: ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. அப்படியே ஒப்பிட்டா இரண்டும் வேறு வேறு. அப்போ 'கொளஞ்சி' என்ற வாடிக்கையாளரைத் தேடினா, கடன் பாக்கி இருந்தும் 'யாரும் இல்லை' என்று வரும்! தேடுறதுக்கு முன்னாடி இரண்டு பக்கத்தையும் யூனிகோட் விதிப்படி ஒரே வடிவுக்குக் கொண்டு வரணும்.

அப்புறம் என்ன ஆச்சு?

அப்பா கடையில் இப்போ ஓடுவது என் டூல்கிட் இல்லை. க்யூடி-யில் எழுதினதுதான் ஓடுது. கடன் கணக்கு என்பது விளையாட்டு இல்லை. ஒரு கிராஷில் ஒருத்தரோட பாக்கி மறைஞ்சா அப்பாவுக்கும் அவருக்கும் சண்டை வரும். கத்துக்கிறதுக்கு எழுதினதை அடுத்தவர் பிழைப்பில் சோதிக்கக் கூடாது என்பது நானே எனக்குப் போட்டுக்கிட்ட விதி.

ஒரு பிளேஸ்மெண்ட் இண்டர்வியூவில் கேட்டாங்க: "க்யூடி இருக்கும்போது நீங்க ஏன் எழுதணும்?" "சும்மா, ஹாபி சார்" என்றேன். வேலை கிடைக்கலை. இன்னைக்குக் கேட்டா இப்படிச் சொல்வேன்: க்யூடி-யில் 'பிறகு அழி' எதுக்கு இருக்கு, ஜன்னல் ஏன் உறையுது, என் அப்பா பேரில் தேடினா ஏன் கிடைக்கலை, இந்த மூணுக்கும் காரணம் எனக்குத் தெரியும் சார், எழுதிப் பார்த்ததால் தெரியும்.

உங்களுக்கான வீட்டுப்பாடம்

1. எஸ்டிஎல் கொண்டு ஒரு ஜன்னல் திறங்க. நடுவில் ஒரு செவ்வகம். சுட்டி மேலே வந்தா ஒரு நிறம், அழுத்தினா இன்னொரு நிறம்.

2. அழுத்திக்கிட்டே வெளியே இழுத்து விட்டா சொடுக்கு ஆகக் கூடாது. இதை மூன்று நிலைகளாக முதலில் காகிதத்தில் வரைஞ்சு பாருங்க.

3. மேலே போட்ட 400 புள்ளிக் கணக்கை ஃபங்ஷனா எழுதுங்க. ஜன்னலை 150-க்குச் சுருக்கினா எழுத்துப்பெட்டிக்கு என்ன ஆகும்?

4. உங்க பேரைத் தமிழில் எழுதி, உங்களுக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் அதன் நீளத்தைக் கேளுங்க. விரல் விட்டு எண்ணினதோட எந்த மொழி ஒத்துப்போகுதுன்னு குறிச்சு வைங்க.

மூணாவது கேள்விக்கு விடை மைனஸில் வரும். அப்போ என்ன பண்ணணும்னு உங்களுக்குத் தோணுறதை முதலில் எழுதிப் பாருங்க. சனிக்கிழமை மதியம் லேப்பில் கடைசி வரிசையில்தான் இருப்பேன். கோடோட வாங்க, சேர்ந்து பார்க்கலாம்.